சந்தில் நுழையும் இரு சக்கரங்கள்

தில்லியின் ஐ.டி.ஓ. சந்திப்பிலோ பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பிலோ மாலை வேளையில் நாம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். பஸ்களும் லாரிகளும் கார்களும் அசையாது நிற்க, அவற்றின் நடுவே மோட்டார் சைக்கிள்கள் புகுந்து புறப்பட்டுச் செல்கின்றன.

இதனைத் துடுக்குத்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. வெயிலிலும் புகையிலும் நிற்பவனுக்குக் கிடைத்த சந்தெல்லாம் வழியாகவே தோன்றும். குறித்த நேரத்தில் உணவுப் பொட்டலத்தைச் சேர்க்க வேண்டிய இளைஞனுக்கோ ஒவ்வொரு நிமிஷமும் காசு.

ஆயினும் அபாயம் எங்கே இருக்கிறது? நம் நாட்டில் லாரி ஓட்டுநர் வலப்புறத்தில், உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கத்தை ஒட்டி வருபவன் பெரும்பாலும் அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. லாரி இடப்புறம் திரும்புங்கால், பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தினும் உள்ளே ஒதுங்கி வரும். அகன்றிருந்த சந்து கணத்தில் சுருங்கிவிடும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அம்மரணங்கள் யாவும் சந்தில் நுழைந்ததால் நேர்ந்தவை அல்ல. எனினும், மோதினால் உடலைக் காக்க இவ்வாகனத்தில் சுவரில்லை என்பதை அவை உணர்த்துகின்றன.

நின்ற வரிசையினூடே மெல்ல முன்செல்வது வேறு; ஓடும் வரிசைக்குள் பாய்வது வேறு. பின்னதை அறவே விடுவோம். லாரிக்கும் நடைபாதைக்கும் இடையே ஒருபோதும் நுழையாதிருப்போம். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நமக்கு ஐந்து நிமிஷத் தாமதம் பெரிதன்று. ஊரிலிருந்து வரும் தொலைபேசிக்கு மறுமொழி கூற நாம் இருத்தல் வேண்டும்.