உள்ளே இருப்பவர் நோயாளி என்றால் வெளியே இருக்கும் நாம் என்ன செய்வது?

(மூவாரில் குடும்பங்களுக்காக நடந்த சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளே.

உங்களில் பலர் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறீர்கள். சிலர் இன்னும் தோட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் இல்லை. குளுவாங் சிறைக்கோ சிம்பாங் ரெங்கம் சிறைக்கோ போவதென்றால் பத்து பகாட், ஆயர் ஈத்தாம் என்று சுற்றிப் போக வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் நாம். "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்று கேட்டு அழுது முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். திரும்பி வரும்போதுதான், "கால் புண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லையே" என்று ஞாபகம் வரும்.

இன்று அந்தக் கால் புண்ணைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். சிறைத் தண்டனை என்றால் வெளியே வர முடியாது என்பதுதான். மருந்து கொடுக்காமல் கால் அழுகட்டும் என்று இந்த நாட்டில் எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதியதில்லை. இதைக் கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் பாதிப் பிரச்சினை இந்த வெட்கம்தான். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று வாய் மூடி இருக்கிறோம். முதல் மூன்று நாள் அப்படியே போய்விடுகிறது. நோயாளிக்கு அந்த மூன்று நாள்தான் மிக ஆபத்தானது.

ஏன் என்று சொல்கிறேன். இனிப்பு நீர்க்காரர் இன்சுலின் போடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை இறங்கும். இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். பார்க்கிற போலீஸ்காரர் "குடித்திருக்கிறான்", "நடிக்கிறான்" என்று நினைக்கலாம். லாக்-அப்பில் செருப்பைக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் காயம் பட்டதே அவருக்குத் தெரியாது. டயாலிசிஸ் செய்பவர் வாரம் மூன்று முறை போக வேண்டும். இரண்டு முறை தவறினால் இதயம் நின்றுவிடக்கூடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். காசநோய் மருந்தை இடையில் விட்டால் அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். எலி இருக்கிற இடத்தில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இருக்கிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள் என்றால் அது பனடோல் கொடுத்து அனுப்பும் காய்ச்சல் இல்லை.

பிடித்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வந்தவுடன் என்ன செய்வது? சட்டப்படி, விசாரிக்கத் தொடங்கும் முன் கைதானவர் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்க உரிமை உண்டு. அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அது அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு. ஆனால் அழைப்பு வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பாலாய்க்குப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். கிளினிக் கெசிஹாத்தான் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகம், மருந்துப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டு, மூவார் சுல்தானா பாத்திமா மருத்துவமனையில் பார்த்திருந்தால் அந்த அப்பாயிண்ட்மெண்ட் அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்தை நேராக வாங்கிக்கொள்ள மறுப்பார்கள். அதற்கு அவர்களுக்கும் காரணம் உண்டு, மாத்திரை என்ற பெயரில் வேறெதுவும் உள்ளே போகலாம். அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். "அப்படியானால் இவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அங்கே மருந்து எழுதி வாங்குங்கள்" என்று கேளுங்கள். கேட்டதை எழுத்தில் கொடுங்கள். மலாயில் எழுதுங்கள்: பெயர், ஐ.சி. எண், "பெசாக்கிட் கென்சிங் மானிஸ்", என்ன மருந்து, எத்தனை மணிக்கு. நாம் இனிப்பு நீர் என்கிறோம், அவர்களும் அதையேதான் கென்சிங் மானிஸ் என்கிறார்கள், புரியாமல் போகாது. வாங்கிய அதிகாரியின் பெயரும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அங்கேயே போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ரிப்போர்ட் செய்வது உங்கள் உரிமை. எழுதிக் கொடுக்காத வார்த்தைக்கு நாளைக்குச் சாட்சி கிடையாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்? கிள்ளானில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் பாலமுருகன், வயது 44, பிடிபட்டார். மறுநாள் மாஜிஸ்திரேட் அவர் நிலையைப் பார்த்து, ரிமாண்டை நீட்டிக்க மறுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். போலீஸ் அவரைத் திரும்ப நிலையத்துக்கே கொண்டுபோனது. அன்றிரவே அவர் வட கிள்ளான் போலீஸ் தலைமையகத்தில் இறந்துபோனார். மாஜிஸ்திரேட் சொன்ன வார்த்தை காகிதத்தோடு நின்றுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், நீதிமன்றத்தில் உத்தரவு கிடைத்தால் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஒருவர் அந்த அவசரப் பிரிவு வாசலில் போய் நில்லுங்கள். வரவில்லை என்றால் உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

2021-இல் கணபதி. பால் வியாபாரி, 40 வயது. இனிப்பு நீரும் இதய நோயும் இருந்தது. பிப்ரவரி 24 அன்று கோம்பாக் போலீஸ் அவரைப் பிடித்தது. மார்ச்சில் செலாயாங் மருத்துவமனைக்குப் போனார், ஒரு கால் வெட்டப்பட்டது, ஏப்ரல் 18 அன்று உயிர் போனது. காவலில் அடித்தார்கள் என்று குடும்பம் குற்றஞ்சாட்டியது. சொந்தக் காலில் நடந்து போன மனிதர் அவர்.

"நாமெல்லாம் ஏழை, படிக்காதவர்கள், அதனால்தான் இப்படி" என்று சிலர் சொல்வார்கள். உதயகுமார் ஒரு வழக்கறிஞர். உலகத்துக்கே தெரிந்த பெயர். 2007 டிசம்பர் 13 அன்று இ.சா.வில் கமுந்திங்குக்குக் கொண்டுபோனார்கள், 2009 மே மாதம்தான் விட்டார்கள். 2013 ஜூனில் தேச நிந்தனை வழக்கில் மறுபடியும் சிறை, 2014 அக்டோபர் வரை. அவரும் இனிப்பு நீர்க்காரர். இரண்டு முறையும் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று அவர் குடும்பம் திரும்பத் திரும்பப் புகார் செய்தது, பத்திரிகைக்குச் சொன்னது. அவருக்கே அப்படியென்றால் நம் பிள்ளைக்கு யார் கேட்பார்கள் என்று சோர்ந்துபோகலாம். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அவர் குடும்பம் நச்சரித்தது, ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அந்த நச்சரிப்புக்கு வக்கீல் படிப்பு தேவையில்லை, காகிதமும் பேனாவும் போதும்.

இனி ஜாமீன். இதை நன்றாகக் கேளுங்கள், பல குடும்பங்களுக்குத் தெரியாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில் சாதாரணமாக ஜாமீன் கிடைக்காது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 388-இல் ஒரு விலக்கு இருக்கிறது: 16 வயதுக்குக் கீழே உள்ளவர், பெண், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் நீதிமன்றம் விரும்பினால் ஜாமீனில் விடலாம். நம் பையன்கள் பலரைக் கும்பல் வழக்கு என்று பிடித்து அடைக்கும் சொஸ்மா சட்டத்திலும் 13-ஆம் பிரிவில் நோயாளிக்கு வழி இருக்கிறது. பயங்கரவாத வழக்குகளுக்கு அது கிடையாது, காலில் மின்னணுக் கருவி மாட்டச் சொல்லலாம், ஆனாலும் வழி இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 41பி தனி, அது மிகக் கடுமை. அதைப் பற்றி வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள், இங்கே பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இதெல்லாம் "நீதிமன்றம் விடலாம்" என்பதுதான், "விட்டாக வேண்டும்" என்பதில்லை. நீதிபதி கேட்பது மருத்துவ அறிக்கை. அம்மா அழுவதைப் பார்த்து அவர் ஜாமீன் கொடுக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து அறிக்கை எடுக்க நோயாளியின் கையெழுத்து வேண்டும், அவர் உள்ளே இருக்கிறார். ஆகவே முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞர் மூலம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 2012-லிருந்து தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், அதுதான் ஒய்.பி.ஜி.கே., கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் இலவச வழக்கறிஞரைத் தந்து வருகிறது. ரிமாண்ட் நாளில் காலையிலேயே மூவார் நீதிமன்றத்துக்குப் போய் அவர்களை விசாரியுங்கள்.

மனநோய், மந்தபுத்தி உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போ பையன் நாகேந்திரனை உங்களுக்குத் தெரியும். 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42 கிராம் சொச்சம் ஹெராயினோடு பிடிபட்டார். 2010-இல் மரண தண்டனை. அவருடைய ஐ.க்யூ. 69 என்ற அளவீடு தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. உலகம் முழுக்கக் குரல் எழுந்தது, 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கியில் தூக்கில் போட்டுவிட்டார்கள். முதலிலேயே தெரிந்திருந்தால் தப்பியிருப்பார் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சட்டம் அப்படி. ஆனால் நம் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஓகேயு அட்டை இப்போதே எடுங்கள். பள்ளியில் சிறப்பு வகுப்பில் படித்த காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த நாட்டில், புத்தி சரியில்லை என்று சந்தேகம் வந்தால் 342-ஆம் பிரிவின் கீழ் ஒரு மாதம் வரை மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்க நீதிமன்றம் அனுப்பலாம். ஜொகூரில் அதற்குத் தம்போய் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதை அவமானம் என்று நினைத்து வேண்டாமென்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஐயா, லாக்-அப்பை விட அது நல்ல இடம்.

சிறைக்குப் போய்ப் பார்க்கும்போது அழுகையை ஐந்து நிமிஷம் தள்ளி வையுங்கள். மருந்து தினமும் கிடைக்கிறதா, யார் கொடுக்கிறார், கடைசியாக டாக்டர் எப்போது பார்த்தார், இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பாதத்தைக் காட்டு, எடை குறைந்திருக்கிறதா. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். குறை இருந்தால் சிறை இயக்குநருக்குக் கடிதம், நகல் சுஹாகாமுக்கு. சுஹாகாமில் புகார் செய்யக் காசு கிடையாது. போலீஸ் காவல் என்றால் 2023 ஜூலை முதல் ஐ.பி.சி.சி. ஆணையம் இருக்கிறது. நாம் கேட்டது அது இல்லை, இன்னும் பல் உள்ள ஆணையம் வேண்டுமென்று 2005-இல் அரச விசாரணை ஆணையமே சொன்னது. இருந்தாலும் இருப்பதைப் பயன்படுத்துவோம், புகார் எண் ஒன்று கையில் இருக்கட்டும்.

மண்டேலா 27 வருஷம் சிறையில் இருந்தவர், 1988-இல் அங்கேயே அவருக்குக் காசநோய் வந்தது. அவர் பெயரால் 2015-இல் ஐ.நா. சிறை விதிகளை வகுத்தது. 24-ஆவது விதி, வெளியே மக்களுக்கு என்ன வைத்தியமோ அதே தரம் உள்ளேயும் வேண்டும், இலவசமாக என்கிறது. 27-ஆவது விதி, வைத்தியரின் முடிவைச் சிறை அதிகாரி மாற்றக்கூடாது என்கிறது. அது நம் நாட்டுச் சட்டமல்ல, ஆனால் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

சொல்ல மனம் வராததையும் சொல்ல வேண்டும். உயிர் போய்விட்டது என்று தகவல் வந்தால் உடனே எரித்துவிடாதீர்கள். 2009 ஜனவரியில் குகன், 22 வயது, சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தபோது முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் விடவில்லை, மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்தது, அதில்தான் அடிபட்ட விவரம் வந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் 8 லட்சத்து ஆயிரத்து 700 வெள்ளி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நம் வழக்கப்படி மறுநாளே தகனம் செய்திருந்தால் அந்தச் சான்று சாம்பலோடு போயிருக்கும். போலீஸ் காவலில் இறந்தால் மாஜிஸ்திரேட் மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும். சிறையில் இறந்தால் அவசியம் என்று தோன்றினால் நடத்தலாம், சட்டம் 334 அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் சிறை மரணத்தில் நீங்கள்தான் வக்கீலை வைத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கோப்பு மூடிவிடும்.

பின்னால் மேசையில் மலாய் மாதிரிக் கடிதம் மூன்று விதமாக வைத்திருக்கிறோம்: பாலாய்க்கு ஒன்று, சிறைக்கு ஒன்று, மருத்துவமனைச் சம்மதத்துக்கு ஒன்று. பெயரும் ஐ.சி. எண்ணும் நோயும் எழுதினால் போதும். இப்போதே யாருக்காவது உள்ளே ஆள் இருந்தால் தேநீருக்குப் போகும் முன் வழக்கறிஞர் தம்பியிடம் வாருங்கள், ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுதுவோம்.