குருதியின் குறிப்பு யார் கையில்?

(அந்தரங்க உரிமை குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



வருமான வரிக் கணக்குக்கு ஆதாரைக் கட்டாயமாக்கிய சட்டப்பிரிவை எதிர்த்து நமது தோழர் பினோய் விஸ்வம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2017 மே மாதத்தில் அவ்வழக்கில் வாதாடிய ஒன்றிய அரசின் அட்டர்னி ஜெனரல், தன் உடல்மீது குடிமகனுக்கு முழு உரிமை உண்டு என்பதே கட்டுக்கதை என்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அரசு தோற்றது. ஆனால் தன் கருத்தைக் கைவிடவில்லை என்பதை அதற்குப் பின் வந்த சட்டங்கள் காட்டுகின்றன.

உழைக்கும் மக்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இது வசதி படைத்தோரின் கவலையல்லவா என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. அரிவாள் செல் சோகை நோயை எடுத்துக்கொள்வோம். மத்திய இந்தியாவின் ஆதிவாசி மக்களை வாட்டும் பரம்பரை நோய் இது. இதை ஒழிப்பதற்கென 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. நாற்பது வயது வரையிலான 7 கோடிப் பேரின் இரத்தத்தைப் பரிசோதிப்பது இலக்கு. பரிசோதிக்கப்பட்டவரின் மரபணு நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது.

பரிசோதனையை நாம் எதிர்க்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். நமது கேள்வி அந்த அட்டையைப் பற்றியது. பழுதுற்ற மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர் நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடத்தி. பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர். ஆயினும் அவருக்கும் அட்டை உண்டு. ஒரு ஆதிவாசிப் பெண்ணின் அட்டையைத் திருமணப் பேச்சின்போது யார் யார் பார்ப்பார்கள்? ஆளெடுக்கும் ஒப்பந்ததாரரும் காப்பீட்டு நிறுவனமும் கேட்டால் அவள் என்ன செய்வாள்? திருடுபோன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். மரபணுவை மாற்ற முடியாது. மேலும் அது அவளுடையது மட்டுமன்று. அவள் கடத்தி என்றால் பெற்றோரில் ஒருவரேனும் அந்த மரபணுவைக் கொண்டவர் என்பதும் வெளிப்பட்டுவிடும். அவர்களை யாரும் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவளைக் காக்கும் சட்டம் எது? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவும், 2019ஆம் ஆண்டு மசோதாவும் மரபணுத் தரவைத் தனிப் பாதுகாப்புக்குரிய நுண்ணிய தரவாக வகைப்படுத்தின. 2022 ஆகஸ்டில் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை. கடையில் கொடுக்கும் கைபேசி எண்ணுக்கும் குருதியின் குறிப்புக்கும் ஒரே அளவுகோல். அச்சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் கூறி எந்த அரசு அமைப்புக்கும் ஒன்றிய அரசு முழு விலக்கு அளிக்கலாம். கண்காணிக்க வேண்டிய வாரியத்தை நியமிப்பதும் அதே அரசுதான். தரவைக் கசியவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அச்சட்டத்தில் இழப்பீடு கிடையாது.

இதே சட்டம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் வெட்டியது. தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தால் இனி மறுக்கலாம். ராஜஸ்தானின் கிராமங்களில் வேலைப் பதிவேட்டை ஊர் நடுவே படித்துத்தான் போலிப் பெயர்களையும் களவுபோன கூலியையும் மக்கள் கண்டுபிடித்தனர். அந்தப் பதிவேட்டில் இருப்பவையும் பெயர்கள்தாமே! அந்தரங்கத்தின் பெயரால் மக்களின் கண்ணைக் கட்டிவிட்டு, மக்களின் அந்தரங்கத்தை அரசுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

காவல் நிலையத்திலும் இதுவே நிலை. டிஎன்ஏ மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றபோது பினோய் விஸ்வம் மாறுபாட்டுக் குறிப்பு அளித்தார். 2023இல் அம்மசோதா கைவிடப்பட்டது. ஆனால் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் உயிரியல் மாதிரிகளை எடுக்கவும் ஆய்வு செய்யவும் ஏற்கெனவே வழிவகுத்துவிட்டது. பதிவுகள் 75 ஆண்டுகள் வைக்கப்படும். நம் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்; அவர்களில் தலித்துகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதைத் தோழர்கள் அறிவீர்கள்.

நாம் கேட்பது புதுமையானதன்று. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது, நிலையை வெளியிடக் கூடாது, அதைக் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுக்கக் கூடாது என்று அது கூறுகிறது. மரபணுத் தகவலுக்கும் அத்தகைய சட்டம் வேண்டும். அது அரசையும் கட்டுப்படுத்த வேண்டும். சட்டம் வரும்வரை, ஆதிவாசிப் பகுதிக் கிளைகள் பரிசோதனை முகாம்களுக்கு நேரில் செல்ல வேண்டும். ஒப்புதல் மக்களின் மொழியில் கேட்கப்படுகிறதா, முடிவு தனியாகச் சொல்லப்படுகிறதா அல்லது ஊரறிய வாசிக்கப்படுகிறதா, நோயுற்றவருக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா என்று பார்த்து மாவட்டக் குழுவுக்கு எழுத வேண்டும்.