அப்பாவை நடக்க விடுங்கள்



இதயத்துக்கு எக்கோ எடுத்து, "பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே நம் வீட்டில் ஒரு சட்டம் பிறந்துவிடும். அப்பா மாடி ஏறக் கூடாது. கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. குடிக்கிற தண்ணீரைக்கூட மருமகள் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசமே அவரைப் படுக்கையில் தள்ளுகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டாரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. மருத்துவமும் ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னது. 1960-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர்ச் என்ற பேர்பெற்ற மருத்துவர், இதயம் பெருத்துப் பலம் குன்றியவர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்தார். அன்று இன்றிருக்கும் மருந்துகள் இல்லை.

பிறகு தெரிந்தது என்ன? இதயம் பலம் குன்றும் இந்த நோயில் தளர்வது இதயம் மட்டும் இல்லை. தொடைச் சதை கரைகிறது; வந்து சேரும் பிராணவாயுவைச் சக்தியாக்கும் திறனும் அந்தச் சதையில் குறைகிறது. அதனால்தான் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. உட்கார உட்கார இன்னும் கரையும். நடந்தால் சதை தேறும். எக்கோவில் அதே 30 இருக்கலாம், ஆனால் அதே மனிதர் முன்னைவிட அதிக தூரம் நடப்பார்!

2009-இல் இதே நோயுள்ள 2331 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. உடற்பயிற்சி இவர்களுக்கு ஆபத்தில்லை என்று அது காட்டியது. அன்றாட வாழ்வு எளிதானதாக அவர்களே சொன்னார்கள். இறப்பிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் பெரிய குறைவு இல்லை, அதை மறைக்க மாட்டேன். வாரம் 120 நிமிடம் என்று வைத்த இலக்கைப் பெரும்பாலோர் எட்டவே இல்லை. ஆரம்பிப்பதைவிட விடாமல் செய்வதுதான் கஷ்டம். அதற்குத்தான் கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும். பேரனாக இருந்தால் ரொம்ப நல்லது.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு, சமதரையில் ஐந்து நிமிடம்; பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நடக்கத் தெம்பில்லாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலோ, பாதம் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அன்று நடை வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வார்டு உறுப்பினர் மேடையில் இருக்கிறார். ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் பூங்காவின் நடைபாதையை ஒரு சுற்று வந்தால் உட்கார ஒரு பெஞ்ச் இல்லை. இரண்டு நிமிடம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடக்க வேண்டியவர் அங்கே எப்படி வருவார்? ஐம்பதடிக்கு ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுங்கள். பெயர்ந்து கிடக்கும் கல்லையும் சமப்படுத்திக் கொடுங்கள்.