கருவி அளந்தது, சொல் தொலைத்தது



சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துள், கருங்கல் தூண் ஒன்று நிற்கின்றது. 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பணியார் வானோக்கு நிலையம் அமைத்தபோது நிறுத்திய தூண் அது. அதில் பிறமொழிகளோடு தமிழும் வெட்டப்பட்டுள்ளது. வாணிகம் செய்ய வந்த அயலவனும், இந்நிலத்தார்க்குச் செய்தி சொல்லத் தமிழ் வேண்டும் என்றறிந்தான். இன்றோ மழையறிவிப்பு "கன மழை", "மிகக் கன மழை", "அதி கன மழை" என வருகின்றது. செய்தித்தாள்கள் "ரெட் அலர்ட்" என்று கூவுகின்றன!

இது வெறுஞ் சொற்பூசல் என்று சிலர் எள்ளுவர். அன்று, இது குடிகளின் உயிர்ச்சிக்கல்.

மழைமானி எளிய கருவி. விழுந்த நீரின் உயரத்தை அது காட்டும். ஒரு மி.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஓர் இலிட்டர் நீர் விழுந்தது என்பது பொருள். 100 மி.மீ. பெய்தால் ஓர் ஏக்கரில் நான்கு நூறாயிரம் இலிட்டருக்கு மேல் நீர் கொட்டிவிடும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்திய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கின்றனர்.

அக்கணக்கில் 64.5 மி.மீ. முதல் ஒரு படி, 115.6 முதல் அடுத்த படி; 204.5 முதல் உச்சப் படி. கருவி இவற்றைத் திட்டமாகப் பிரித்துக் காட்டுகின்றது. சொல் காட்டுகின்றதா? "மிக" என்பதும் மிகுதி. "அதி" என்பதும் மிகுதி. இவற்றுள் எது பெரிது என்று ஏரிக்கரையில் குடிசை கட்டி வாழும் தாய் எங்ஙனம் அறிவாள்? முதற்படிக்குப் பெருமழை, அடுத்ததற்குக் கடுமழை, உச்சத்திற்குக் கொடுமழை என்று சொல்லிப் பாருங்கள். கேட்ட அளவிலேயே அச்சத்தின் அளவு விளங்கும். கால்கள் மேட்டுநிலம் நோக்கி நடக்கும்.

தமிழில் சொல் இல்லையா? ஓருழவு மழை, ஈருழவு மழை என்று மண் நனைந்த பதங்கொண்டு மழையை அளந்தவன் தமிழ் உழவன். வடக்கிருந்து வருவது வாடை. தெற்கிருந்து வருவது தென்றல். கிழக்குக் காற்று கொண்டல். மேற்குக் காற்று கோடை. வருகின்ற பக்கத்தால் காற்றுக்குப் பெயரிடுவதே இன்றைய வானிலையியலின் நெறியும் ஆகும்!

பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்காது என்பாரும் உளர். திருக்குறளின் 14ஆம் பாட்டில் "புயல்" என்பது மழையைக் குறிக்கும். இன்றோ, மணிக்கு 62 கிலோமீட்டரும் அதற்கு மேலும் விரைந்து சுழலும் கடற்காற்றுக்கு அதுவே பெயர். சொல் வளைந்தது, முறியவில்லை.

1643இல் இத்தாலியர் தாரிசெல்லி, குழாயில் இதளை நிரப்பிக் கவிழ்த்துக் காற்றின் அழுத்தத்தை அளந்தார். அது 76 செ.மீ. உயரத்தில் நின்றது. அவர் வழிவந்த கருவியைப் "பாரமானி" என்றும், வெப்பத்தை அளப்பதை "உட்டிணமானி" என்றும் ஒருகாலத்தில் தமிழ்ப்பிள்ளைகள் படித்தனர். இன்று காற்றழுத்தமானி, வெப்பமானி என்று படிக்கின்றனர். "சீதோட்ணம்" போய்த் தட்பவெப்பம் வந்தது. எவர்க்கும் அறிவு குறையவில்லை. பிள்ளைகட்கு விளக்கமே கூடிற்று.

ஆதலின் ஒன்று செய்க. பள்ளிதோறும் ஒரு மழைமானி நிறுவுக. காலைதோறும் அளவை மாணவரே எடுத்து, ஊர்ப்பலகையில் நல்ல தமிழில் எழுதுக. மீன்பிடி ஊர்களில் காற்றின் விரைவும் அவ்வாறே எழுதப்படுக. ஊர்வாய் பழகிய சொல்லை அலுவலகமும் ஒருநாள் ஏற்கும்.

கருவி எந்நாட்டதாயினும் ஆகுக. அது சொல்லும் செய்தி தமிழர்க்குத் தமிழில் சேர்க! புயல் வருமுன் சொல் வந்து சேர்க!