மார்பில் தட்டுப்படும் கயிறு

தலை துவட்டக் கையைத் தூக்கும்போது மார்பின் ஓரம் சுருக்கென்று இழுக்கிறது. தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியில் சணல் கயிறு போல ஒன்று மார்பிலிருந்து மேல்வயிறு நோக்கி ஓடுகிறது. தொட்டால் வலி. எந்தப் பெண்ணுக்கும் முதலில் புற்றுநோய் பயம்தான் வரும்.

பெரும்பாலும் அது மோண்டோர் நோய். 1939-இல் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹென்றி மோண்டோரின் பெயர் இதற்கு. தோலையொட்டிய சிரையில் ரத்தம் உறைந்து, சிரை வீங்கிவிடுகிறது. மார்பில் அடிபடுவது, அறுவை சிகிச்சை, இறுக்கமான உள்ளாடை, கடும் உடற்பயிற்சி ஆகியவை காரணமாகலாம். காரணமே தெரியாமலும் வரும்.

கிருமித்தொற்று அல்ல என்பதால் ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. இபுபுரூஃபன் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைதான் வலியைத் தணிக்கும். கூடவே வெதுவெதுப்பான ஒத்தடம், மார்பைத் தாங்கும் உள்ளாடை. சில வாரங்களில் கயிறு தானாகக் கரைந்துவிடும்.

ஆனால் அந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள், தாய்மார்களே. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கேடு செய்யலாம். மருத்துவர் சாப்பிடச் சொன்னால் உணவுக்குப் பிறகே சாப்பிட வேண்டும்.

அபூர்வமாக இதன் பின்னால் மார்பகப் புற்றும் ஒளிந்திருக்கும். அதனால் மருத்துவர் ஸ்கேனோ மேமோகிராமோ எழுதிக் கொடுத்தால், வலி போய்விட்டதே என்று தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். கூச்சப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்கும் பெண்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.