நெருப்புக்குப் பிரியாத சுண்ணாம்பு



விஞ்ஞானம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்குத் தூரமாய்ப் போக வேண்டாம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் போதும். அதிலிருக்கும் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? ஈப்போ பக்கம் போனவர்கள் வெள்ளைப் பாறை தெரிய நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கல்லைக் காளவாயில் போட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள்.

அந்தச் சூட்டில் கல் உருகுவதில்லை, பிரிகிறது. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே போச்சு? யாரும் திருடவில்லை. கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு காற்றோடு போய்விட்டது. விறகு எரியும்போது பிராணவாயு வந்து சேருகிறது. கல் பிரியும்போது எதுவும் வந்து சேருவதில்லை. ஒன்றாய் இருந்தது இரண்டாகிறது, அவ்வளவுதான்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், விளையாட்டில்லை. நீற்றின பிறகும் அது பொல்லாததுதான். தாய்மார்களே, சுண்ணாம்புப் பொட்டலத்தைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பீச்சியடித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகும். பட்டுவிட்டால் கசக்க விடாமல், உடனே குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, மிஞ்சிய சுண்ணாம்பை இன்னும் சுட்டால்? அது அசைந்து கொடுக்கவில்லை. அதனால் பிரெஞ்சு மேதை லவாசியே 1789-இல் அதைத் தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார். பாவம், அவர் காலத்தில் பாட்டரி ஏது? இத்தாலியின் வோல்ட்டா அதை அறிவித்ததே 1800-இல்தான்.

எட்டே வருஷத்தில், 1808-இல், லண்டனில் ஹம்ப்ரி டேவி ஈரச் சுண்ணாம்போடு பாதரச ஆக்சைடைக் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். பாதரசத்தோடு ஓர் உலோகம் கலந்து ஒதுங்கியது. அதுதான் கால்சியம். சுண்ணாம்பில் கால்சியம் நேர்மின்னேற்றம் உடையது, பிராணவாயு எதிர்மின்னேற்றம் உடையது. சூடு இரண்டையும் சேர்த்தே ஆட்டும். மின்சாரமோ ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கும்.

அந்த டேவியிடம் 1813-இல் உதவியாளராய்ச் சேர்ந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன். புத்தகம் பைண்ட் பண்ணும் கடையில் வேலை பழகும்போது, பைண்டுக்கு வந்த புத்தகங்களையே படித்தவர். இத்தனை மின்சாரத்துக்கு இத்தனை பொருள் பிரியும் என்ற கணக்கைப் பின்னாளில் வகுத்தவர் அவர்தான்.

பிள்ளைகள் பரிசு மேஜையையே பார்க்கிறார்கள்.