இளமை அங்கே, முதுமை இங்கே
(கார்வேட்டிநகரத்தில், வெளிநாடு சென்ற தொழிலாளர் குடும்பங்களின் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மக்கள் தொகைக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "கணக்கு நமக்கெதற்கு?" என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்தக் கணக்கில் இருப்பவர்கள் நம் வீட்டு ஆட்கள்தான்.

ஒரு நாட்டு மக்களை வயதுவாரியாக அடுக்கிப் படம் வரைவார்கள். கீழே குழந்தைகள், நடுவில் உழைக்கும் வயதினர், உச்சியில் முதியோர். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பிறப்பு மிகுந்த நாட்டின் படம் கோயில் கோபுரம்போல் அடி அகன்று, நுனி குறுகி நிற்கும். நம் பாட்டிமார் காலத்து இந்தியா அப்படித்தான் இருந்தது. ஜப்பானின் படமோ அடி சிறுத்துத் தோள் பெருத்த குடம். அங்கே 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தொட்டவர்கள்.

இப்போது கத்தாரைப் பாருங்கள். இடப்பக்கம் மட்டும் பெரிய தொந்தி! அங்கே 100 பேரில் 70 பேருக்கு மேல் ஆண்கள். முதியோர் மிகச் சிலரே. அந்த மண்ணில் யாருக்கும் வயதாவதில்லையா? வயதானவனை விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தொந்தி யார்? குவைத்துக்கும் கத்தாருக்கும் போன உங்கள் கணவர், உங்கள் அண்ணன், உங்கள் மகன். அங்கே புடைத்திருக்கும் அதே வயதில்தான் நம் ஊர்ப் படத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. மாந்தோப்புக்குக் காவல் தாத்தா. பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போவது பாட்டி.

இனி வருங்காலக் கணக்கு. 2021ஆம் ஆண்டுக்கு அரசு வல்லுநர் குழு மதிப்பிட்டபடி, 60 வயதைக் கடந்தவர்கள் ஆந்திரத்தில் 100க்கு 12.4, தமிழ்நாட்டில் 13.6, பீகாரில் 7.7. தமிழ்நாட்டில் இது 2031இல் 18.2 ஆகும். பணக்கார நாடாகிவிட்டு முதுமை அடைந்தது ஜப்பான். நாமோ கையில் காசு சேருமுன்னே நரை கண்டுகொண்டிருக்கிறோம்.

ஆட்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று 1994இல் ஆந்திரத்தில் சட்டம் வந்தது. 2024இல் அதை நீக்கினார்கள். அதிகம் பெறுங்கள் என்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கேட்டுக்கொண்டார். சிங்கப்பூரிலும் இதே கதைதான். 1972இல் "இரண்டோடு நிறுத்து" என்றார்கள். 1987இல் "வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்" என்றார்கள். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூட இல்லை. தாயின் வயிறு அரசாணைக்குப் பிறப்பதில்லை, தோழர்களே!

நான் கேட்பது வேறு கேள்வி. பிள்ளையை இருபது வயதுவரை வளர்த்த செலவு யாருடையது? இந்த ஊருடையது. உழைப்பின் முப்பது ஆண்டு யாருக்குப் போனது? அந்த நாட்டுக்கு. முதுமையின் மருந்துச் செலவு யார் தலையில்? மறுபடியும் இந்த ஊரின் தலையில்!

"பணம் அனுப்புகிறார்களே" என்பார்கள். அனுப்புகிறார்கள். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன், தங்கை கல்யாணம், ஒரு வீடு. இவை போக முதுமைக்கு மிச்சம் எவ்வளவு? வளைகுடாவில் அரசு ஓய்வூதியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு. நம் ஆளுக்கு வேலை முடியும்போது ஒரு பணிக்கொடை மட்டுமே. அதையும் முழுதாக வாங்காமல் திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த இந்திய அரசு, வளைகுடா நாடுகளோடும் செய்ய வேண்டும். வெளிநாட்டில் உழைப்பவர்களுக்காகக் கேரளம் 2008இல் நலச்சட்டம் இயற்றி, சந்தா கட்டியவர்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் தருகிறது. அப்படி ஒரு திட்டம் ஆந்திரத்திலும் வேண்டும். 60 முதல் 79 வயதுவரையுள்ள ஏழை முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். ஆந்திர அரசு 2024இல் முதியோர் உதவித்தொகையை 4,000 ரூபாயாக உயர்த்தியபோதும் அந்தப் பங்கு உயரவில்லை. அது உயர வேண்டும்.

ஜப்பான் இப்போது முதியோரைப் பராமரிக்க ஆள் தேடுகிறது. நாளை நம் பெண்களும் போகலாம், போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஊரார் பெற்றோரைத் தூக்கி உட்காரவைக்கப் போகும் மகளின் தாய், இங்கே தண்ணீர் கொடுக்க ஆளின்றிக் கிடக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தச் சங்கம்.